உயரத்துக்கு எத்தனை சொல்? ஸ்டோர் மாடியும் பணிய லயமும்

சாதாரண தரத்துக்கு இங்கிலிஷ் படித்த எல்லாருக்கும் ஒத்தகருத்துச் சொற்களின் பட்டியல் ஒன்று மனப்பாடமாக இருக்கும். உயரமான கட்டடத்துக்கு டவர், எடிஃபிஸ், ஸ்கைஸ்க்ரேப்பர். அது பார்க்க எப்படி இருக்கும் என்று சொல்ல லொஃப்டி, டவரிங், இம்போசிங். மேலே போவதற்கு ரைஸ், கிளைம், அசென்ட், மவுண்ட், சோர். டியூஷன் கொப்பியில் இதையெல்லாம் சமன் குறி போட்டு ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் மார்க்ஸ் கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் றொசல்லயில் வைத்து வாசித்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு ஒரு யோசனை. வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் நடுவில், ரயில் பாதையும் ரோட்டும் மலையைப் பிடித்துக்கொண்டு போகிற இடம் அது. வானளாவிய கட்டடம் என்று ஒன்றும் அங்கே கிடையாது. ஆனால் யார் எந்த உயரத்தில் இருக்கிறார் என்பதை வைத்தே வேலை, வீடு, விலாசம் எல்லாம் 150 வருசத்துக்கு மேலாகத் தீர்மானிக்கப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று.

முதலில் ஏறுவதைப் பார்ப்போம். இங்கிலிஷில் கிளைம் என்பது பழைய ஜெர்மானிய வேர்ச் சொல். கையும் காலும் வைத்து, மூச்சு வாங்கி ஏறுவது. அசென்ட் லத்தீனிலிருந்து வந்தது. ராஜா சிம்மாசனம் ஏறினால் அசென்ட், கூடை தூக்கிக்கொண்டு மலை ஏறினால் கிளைம். மவுண்ட் என்பதற்குள்ளேயே மலை இருக்கிறது, லத்தீனில் மலைக்குச் சொல்லும் மோன்ஸ் என்பதிலிருந்து. சோர் என்பதில் இருப்பது காற்று. சிறகை அசைக்காமலே மேலே போகிற பருந்துக்குப் பொருந்தும், விலைவாசிக்கும் பொருந்தும். சொற்களுக்குள்ளேயே மேல்சாதி கீழ்சாதி பார்க்கிற மொழி அது. அரண்மனைப் பக்கம் லத்தீனும் பிரெஞ்சும், வயல் பக்கம் ஜெர்மானியம்.

எங்கள் ஆட்கள் இது எல்லாத்துக்கும் வைத்திருப்பது ஒரே சொல்: ஏறு. மலை ஏறணும், கோச்சி ஏறணும், லொறியில் ஏறணும். கடன் ஏறும், காய்ச்சல் ஏறும், சாமான் விலை ஏறும். திருவிழாவில் அருள் இறங்கிப் போனால் "சாமி மலையேறிருச்சு" என்பார்கள். ஏற்கனவே நாலாயிரம் அடியில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறோமே, சாமி இதுக்கு மேல எங்கதான் போகும்?

கோச்சி என்றவுடன் பாதையைச் சொல்ல வேண்டும். நாவலப்பிட்டி வரைக்கும் ரயில் 1874இல் வந்தது. அதுக்குப் பிறகு ஹற்றனைத் தொட 1884 ஆனது, நானுஓயாவுக்கு 1885. நாவலப்பிட்டி ஏறத்தாழ 1,900 அடி, ஹற்றன் 4,100 அடிக்கு மேல். 44 அடி முன்னே போனால் ஒரு அடி மேலே ஏறுகிற சாய்வில், இறுக்கமான வளைவுகளில் சுற்றிச் சுற்றிப் போகும் பாதை. றொசல்ல அந்த ஏற்றத்தின் கடைசிப் பகுதி. அதுக்கு முந்தின ஸ்டேஷனின் பேர் இஹல வட்டவளை. இஹல என்றால் சிங்களத்தில் மேல், அதாவது மேல் வட்டவளை. அதே பாதையில் ஓடுகிற உடரட்ட மெனிக்கேயின் பேரிலும் உட, மேல்நாடு, இருக்கிறது. மூன்று மொழியும் இந்த மலையில் முதலில் பார்த்தது மேல், கீழ் என்பதைத்தான்.

ஒரு சின்னப் பொருத்தம். ஹற்றனையும் நானுஓயாவையும் ரயில் தொட்ட அதே 1884, 85இல் அமெரிக்காவின் சிக்காகோவில் ஹோம் இன்ஷூரன்ஸ் பில்டிங் என்ற 10 மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. உலகத்தின் முதல் ஸ்கைஸ்க்ரேப்பர் என்று பலரும் சொல்வது அதைத்தான். ஸ்கைஸ்க்ரேப்பர் என்ற சொல் அதுக்கு முன்னாடியே இருந்தது. பாய்க்கப்பலின் உச்சியில் கட்டுகிற சின்னப் பாய்க்கு அந்தப் பேர், உயரமான குதிரைக்கும் அந்தப் பேர். கட்டடத்துக்கு ஒட்டிக்கொண்டது 1880களில்தான். சிக்காகோவில் இரும்புச் சட்டம் மாடி மாடியாக மேலே போனபோது, இங்கே இரும்புத் தண்டவாளம் வளைந்து வளைந்து மேலே வந்தது. அங்கே ஏறினது ஒப்பீஸ், இங்கே ஏறினது தேயிலை.

அந்த உயரம் கொழும்புச் சந்தையில் காசாக மாறியது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 2,000 அடிக்குக் கீழே விளைவது லோ குரோன், 4,000 அடி வரைக்கும் மிட் குரோன், அதுக்கு மேலே ஹை குரோன். நாவலப்பிட்டியில் கோச்சி ஏறி ஹற்றனில் இறங்குகிற ஒருத்தர் தெரியாமலே இந்த 4,000 அடிக் கோட்டைத் தாண்டிவிடுகிறார். கொழுந்து ஹை. அதைக் கிள்ளின கைக்கு அப்படி ஒரு தரம் யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை.

இப்போது கட்டடங்களுக்கு வருவோம். இங்கிலிஷில் டோல், ஹை என்று இரண்டு இருக்கிறது, இரண்டுக்கும் நாங்கள் உயரம் என்றுதான் எழுதுவோம். டோல் என்பது ஒரு பொருளின் சொந்த உயரம். ஹை என்பது அது எங்கே நிற்கிறது என்பது. ஒரு தோட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம் நல்லா உதவும்.

துரை பங்களா டோல் இல்லை. பங்களா என்ற சொல்லே வங்காளத்து வீடு என்ற அர்த்தத்தில் வந்தது, தாழ்ந்த கூரையும் சுற்றி விறாந்தையும் உள்ள வீடு. மலையகத்துப் பங்களாக்களில் கணிசமானவை ஒரே தட்டுத்தான். ஆனால் அது குன்றின் மேல் நிற்கும், முன்னால் புல்தரை, சுற்றிப் பூந்தோட்டம், பார்வைக்கு எதிர்மலை வரைக்கும் தெரியும். அதன் உயரத்தைக் கட்டினது மேசன் இல்லை, மலை.

லயம் டோலும் இல்லை, ஹையும் இல்லை. பட்டாளத்துக் குடியிருப்புகளுக்குச் சொன்ன லைன் என்ற சொல்தான் எங்கள் வாயில் லயம் ஆனது. லைன் என்றால் கோடு. இங்கிலிஷில் உயரத்துக்கு அத்தனை சொல் இருக்க, எங்களுக்குக் கட்டின கட்டடத்துக்கு மட்டும் படுத்துக்கிடக்கிற ஒரு சொல்லைத்தான் எடுத்தார்கள். அந்தக் கோட்டை வெட்டி வெட்டிக் காம்பரா, ஒன்று சுமார் 10 அடிக்கு 12 அடி. முன்னால் இஸ்தோப்பு. ரெட்டை லயமாக இருந்தால் முதுகோடு முதுகு ஒட்டின காம்பரா, பின்பக்கம் ஜன்னலுக்கு இடமே இல்லை. மேலே தகரம்.

மூன்றாவது, ஸ்டோர். தோட்டத்தில் உண்மையிலேயே டோல் ஆக நின்ற ஒரே கட்டடம் அதுதான். ஃபெக்டரி என்று போர்டில் இருக்கும், ஆனால் எங்க அப்பாயிமார் வாயில் வந்ததும் இன்னும் வருவதும் ஸ்டோர் அல்லது இஸ்டோர். காரணம் தேயிலைக்கு முந்தினது. கோப்பிக் காலத்தில் கோப்பியைக் காயவைத்துச் சேர்த்து வைக்கிற கட்டடத்துக்கு வெள்ளைக்காரர் வைத்த பேர் ஸ்டோர். 1869இல் கோப்பி இலைநோய் வந்து கொஞ்சக் காலத்தில் கோப்பித் தோட்டங்களே அழிந்தன. பயிர் மாறியது, மெசின் மாறியது, பேர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஸ்டோர் ஏன் மூணு, நாலு மாடி உயரத்துக்கு எழும்பியது? அழகுக்காக இல்லை. கொழுந்து வாட வேண்டும், அதுதான் விசயம். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதில் ஒரு பகுதி போய் இலை துவண்டால்தான் ரோலரில் உருட்ட முடியும், இல்லாவிட்டால் நொறுங்கிப்போகும். அதனால் சாக்குத் துணியைத் தட்டுத் தட்டாக இழுத்துக் கட்டி, அதில் கொழுந்தை மெல்லிசாகப் பரப்பி, ராத்திரி முழுக்கக் காற்று வாங்க விடுவார்கள். மெல்லிசாகப் பரப்பினால் இடம் நிறைய வேண்டும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து வேண்டும் என்றால், ஒரு நாள் கொழுந்தைப் பரப்ப எவ்வளவு தரை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மலைச்சரிவில் அவ்வளவு சமதரைக்கு எங்கே போவது? ஆகவே தரைக்கு மேல் தரையாக அடுக்கினார்கள். பக்கவாட்டில் வரிசை வரிசையாக ஜன்னல், காற்று குறுக்கே ஓடுவதற்கு. வட்டவளை, றொசல்லப் பக்கம் தென்மேல் பருவ மழையை நேராக முகத்தில் வாங்குகிற இடம். இலங்கையிலேயே அதிகமாக மழை பெய்யும் இடங்களில் வட்டவளை ஒன்று. ஈரக் காற்றில் ஈரக் கொழுந்து வாடாது. அதனால் கீழே அடுப்பும் டிரையரும் கக்குகிற சூட்டை விசிறி வைத்து மேல்மாடிகளுக்கு இழுத்தார்கள். கொழுந்து வாடினதும் மாடித் தரையில் இருக்கும் துவாரங்கள் வழியாக நேராகக் கீழே ரோலருக்கு இறக்குவார்கள். மேலே தூக்குவதற்குத்தான் ஆள் வேண்டும், கீழே வருவதற்குப் பாரமே போதும்.

கொழுந்து வாட்டுகிற இந்த மேல்மாடிக்குத் துரைமார் சொன்ன பேர் லொஃப்ட். எங்கள் பட்டியலில் இருக்கும் லொஃப்டி என்ற சொல் இதிலிருந்துதான் பிறந்தது. பழைய நோர்ஸ் மொழியில் லொப்ட் என்றால் காற்று, ஆகாயம், மேல்மாடி, எல்லாமே. ஆகாயத்துக்குச் சொன்ன சொல் கூரைக்கடியில் இருக்கும் அறைக்கு வந்து, அங்கிருந்து உயர்ந்த மனசு, உயர்ந்த இலட்சியம் என்று போய்விட்டது. டியூஷன் கொப்பியில் லொஃப்டிக்குப் பக்கத்தில் நோபிள் என்று எழுதி வைத்திருப்போமே, அது இந்த வழியால் வந்ததுதான். அந்தச் சொல் முதலில் குறித்த காற்று, ஆகாயம், மேல்மாடி மூன்றும் ஒன்றாக இருந்த ஒரு இடம் தேயிலை ஸ்டோரின் லொஃப்ட். அந்தக் காற்று முழுக்கக் கொழுந்துக்கு. லயக்காம்பராவுக்கு ஒரு ஜன்னல் வைப்பதற்கு எத்தனை காலம் போராட வேண்டியிருந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்றோட்டத்தின் அருமை அந்தக் கம்பனிகளுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும், இலை விசயத்தில்.

இம்போசிங் என்பதையும் விட்டுவிடக் கூடாது. பிரமாண்டமான, கம்பீரமான என்று அர்த்தம் எழுதுவோம். அதன் லத்தீன் வேருக்கு மேலே வைத்தல் என்று பொருள். வரியைச் சுமத்தினாலும் இம்போஸ், சட்டத்தைத் திணித்தாலும் இம்போஸ். தோட்டத்து ஸ்டோரைப் பற்றியும் பங்களாவைப் பற்றியும் இதைவிடச் சரியாக ஒரு சொல் சொல்ல முடியாது. அதே குடும்பத்தில் இன்னொன்று, சுப்பிரின்டென்டன்ட். பெரிய துரையின் அதிகாரப்பூர்வப் பதவிப் பேர். அதில் முன்னால் இருக்கும் சுப்பர் லத்தீனில் மேலே. மேலே நின்று கவனிக்கிறவர். எங்கள் பக்கத்திலிருந்து வந்த பதவிப் பேர் கங்காணி, கண்காணி என்பதிலிருந்து. அதில் கண் இருக்கிறது, மேல் இல்லை. கங்காணி நிரைக்குப் பின்னாலேயே நடந்து பார்த்தார், துரை குன்றிலிருந்து பார்த்தார். கங்காணி நல்லவர் என்று சொல்ல வரவில்லை, கடன் துண்டின் கதை எல்லாருக்கும் தெரியும். பார்த்த கோணம் வேறு, அதைத்தான் சொல்கிறோம்.

தோட்டங்களுக்கு வைத்த பேர்களிலும் இந்த மேடு பள்ளம் கேட்கும். கொட்டகலைப் பக்கம் மவுண்ட் வேர்ணன், தலவாக்கலைக்கு மேலே கிரேட் வெஸ்டர்ன், நுவரெலியா மாவட்டத்தில் ஹை ஃபொரஸ்ட். பள்ளத்தாக்குக்கும் ஸ்கொட்லாந்துக்காரர் சொல் கொண்டுவந்தார்கள். நோர்வூட் கிளென்கேர்னில் வரும் கிளென் ஒடுங்கின பள்ளத்தாக்கு, ஹற்றன் ஸ்ட்ரெத்டனில் வரும் ஸ்ட்ரெத் அகன்ற பள்ளத்தாக்கு. தங்கள் ஊர் மேடு பள்ளத்தை நினைத்து அவர்கள் வைத்த பேர்கள் இன்னும் எங்கள் அடையாள அட்டையில் விலாசமாக இருக்கின்றன. அந்தப் பேருக்கு முன்னால் அப்பர் டிவிசன், லோவர் டிவிசன் என்று ஒன்று. மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு. வீட்டு நம்பரும் இல்லாமல் வீதிப் பேரும் இல்லாமல், உயரம் ஒன்றை மட்டும் வைத்து விலாசம் எழுதுகிற ஆட்கள் உலகத்தில் வேறெங்கே இருக்கிறார்களோ தெரியாது.

ஆட்களே வைத்த பேர்கள் இன்னும் நுணுக்கம். மேட்டு லயம், பணிய லயம். பணிய என்றால் கீழே. தமிழ்நாட்டுக்காரருக்குப் பணிதல் என்றால் தலைகுனிதல், எங்களுக்கு அது ஒரு திசை. "பணிய போயிட்டு வாறேன்" என்றால் கீழே போய்விட்டு வருகிறேன், அவ்வளவே. பழந்தமிழில் ஏழு நிலை மாடம் உண்டு, விமானம் உண்டு, கோபுரம் உண்டு, உப்பரிகை உண்டு. அந்தச் சொற்களையெல்லாம் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்துவந்த ஆட்கள் தோளில் சுமந்து வரவில்லை. கோபுரம் மட்டும் வந்தது, தோட்டத்துக் கோயிலுக்காக. மிச்ச எல்லாத்துக்கும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது மேடும் பணியவும்தான். மேட்டு லயம் என்பதாலேயே அது உயர்ந்த இடம் என்று நினைக்க வேண்டாம். பணிய லயத்துக்கு அது மேடு, பங்களாவுக்கு அதுவும் பணியத்தான்.

சரிவில் இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. நல்ல மண் தேயிலைக்குப் போனது, மிச்சத்தில் லயம் வந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் மேலே இருந்த மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே மண்சரிவு ஆபத்து இருப்பதாக அதிகாரிகள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆட்களைக் குடியேற்ற வேறு காணி ஒதுக்கிக் கொடுக்கிற வேலைதான் நடக்கவில்லை. மேலே போவதற்கு அத்தனை சொல் வைத்திருக்கும் இங்கிலிஷிலும், மேலே இருப்பது கீழே வருவதற்கு லேண்ட்ஸ்லைட் என்ற சறுக்குகிற சொல் ஒன்றுதான் அன்றைய செய்திகளில் ஓடியது.

உயரமான ஸ்டோர்களின் கதை வேறு திசையில் போனது. 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், அடியிலிருந்து விசிறி காற்றை அடிக்கும் நீளத் தொட்டிகள் வந்தன. கொழுந்தை ஒரு அடிக்குக் கிட்டக் கனமாகக் கொட்டினாலும் வாடும். அத்தனை மாடி தேவைப்படவில்லை. சில ஸ்டோர்கள் மூடப்பட்டன. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் 1925இல் கட்டின நாலு மாடி ஸ்டோர் 2001 முதல் தேயிலை நூதனசாலை, உச்சி மாடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே மலை பார்க்கலாம். கந்தப்பளையில் ஹெதர்செட் ஸ்டோர் 1990களில் ஹோட்டல் ஆனது. கொழுந்து வாடின மாடிகளில் இப்போது சுற்றுலாப் பயணிகள் தூங்குகிறார்கள். காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி நிற்கும் பழைய பங்களாக்கள் சிலவும் உல்லாச விடுதிகள். பழைய கட்டடத்தைக் காப்பாற்றுவது நல்ல விசயம், எங்களுக்கு அதில் வழக்கில்லை. ஆனால் காப்பாற்றத் தோன்றினது டோல் ஆனதையும் ஹை ஆனதையும்தான். ஒரு ரெட்டை லயத்தை, அதன் புகை பிடித்த சுவரோடும் முதுகோடு முதுகு ஒட்டின காம்பராக்களோடும், நூதனசாலையாகப் பார்க்க வேண்டும் என்றால் எவ்வளவு தூரம் தேட வேண்டியிருக்கும் என்று பாருங்கள்.

லயத்துக்கு மாற்றாக மாடி வீடு கட்டலாம் என்ற பேச்சும் திட்டமும் ஒரு காலத்தில் வந்தன. காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனை. குறைந்த நிலத்தில் நிறைய வீடு, எங்கள் ஆட்களும் கடைசியில் ஒரு மாடி ஏறுவார்கள். மலையகத்திலேயே அதற்கு எதிர்ப்பு எழுந்தது. "மாடி லயம்" என்று ஒரே சொல்லில் அடித்தார்கள். கோட்டை நிமிர்த்தி வைத்தாலும் அது கோடுதான் என்பது அதன் அர்த்தம். மாடியில் இருப்பவருக்குக் கீழே மண் இல்லை, வாசல் இல்லை, கோழி அடைக்க இடம் இல்லை, முக்கியமாகக் காணி இல்லை. ஆட்கள் கேட்டது அடுக்கி வைத்த உயரத்தை இல்லை, அகலத்தை. தனி வீடு, தனி வாசல், பேரில் எழுதின நிலம்.

அப்படித்தான் 7 பேர்ச் என்ற கணக்கு வந்தது. ஒரு பேர்ச் 272 சதுர அடியும் கொஞ்சமும், 7 பேர்ச் கிட்டத்தட்ட 1,900 சதுர அடி. 120 சதுர அடிக் காம்பராவில் மூணு தலைமுறை இருந்த ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிசு என்று விளக்கத் தேவையில்லை. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் முதலில் 4,000 வீடு. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 என்று அறிவித்தார். 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 வருசம் ஆனதை நினைத்து ஆட்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, பழைய பாதையில் நடந்து வந்தபோதும், முன்வைத்த கோரிக்கைகளில் காணியும் வீடும் இருந்தன.

புது வீட்டுக்காரர்கள் முன்னால் ஒரு பத்தி இறக்குகிறார்கள், பின்னால் குசினியை நீட்டுகிறார்கள், ஓரத்தில் போஞ்சி போடுகிறார்கள். எல்லாமே பக்கவாட்டில். நிலம் தங்கள் பேரில் என்று எழுதும் காகிதத்துக்கு இலங்கைத் தமிழில் காணி உறுதி என்று பேர். அந்த உறுதி கைக்கு வராமலே வீட்டில் குடியேறினவர்கள் நிறையப் பேர், இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.